நிலாவரையில் நீ கேட்ட கேள்வி

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். உன் முழங்கால் எப்படி என்று அடுத்த கடிதத்திலாவது எழுது. இங்கே இம்முறை நல்ல மாரி. போன கிழமை பேரனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நிலாவரைக் கிணற்றடிக்குப் போனேன். எட்டாம் வகுப்பில் நீ அந்தக் கிணற்றடியில் நின்று, "இது விண்கல் விழுந்த குழியோ?" என்று கேட்டாயே, அவனும் அதையே கேட்டான்! தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து உண்டாக்கிய குழி என்று சொன்னேன். ஆனால் உன் கேள்வி வீண் கேள்வியல்ல.

மெக்சிக்கோவின் யுகட்டானும் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலச் சுண்ணாம்புக்கல் தரைதான். அங்கேயும் நிலாவரைகள் நிறைய. அவற்றில் பல ஒரு பெரிய வில்லாக வளைந்து கிடக்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய சிக்சுலூப் பள்ளத்தின் விளிம்பு அது. பள்ளத்தின் அகலம் சுமார் 180 கிலோமீற்றர். ஆனாலும் மேலே நின்றால் பள்ளம் தெரியாது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் தடிப்புக்குச் சுண்ணாம்புக்கல் மூடியிருக்கிறது. 1978இல் எண்ணெய் தேடி விமானத்தில் காந்தத்தை அளக்கும் கருவியோடு பறந்தவர்களுக்குத்தான் அது அகப்பட்டது.

சுண்ணாம்புக்கல்லில் காந்தம் இல்லையென்றே சொல்லலாம். அதனால் அடியில் இருப்பதை அது மறைக்கவில்லை. மோதலில் உருகிய பாறையில் மக்னடைட் என்ற காந்தக் கனிமம் இருக்கிறது. 580 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறும்போது, அந்த நேரத்துப் புவிக்காந்தத்தின் திசையை அது பிடித்துவைத்துக்கொள்ளும். அன்றைக்குப் புவிக்காந்தம் வடக்கு தெற்கு மாறித் தலைகீழாக இருந்தது. அந்தப் பாறை இன்றும் அந்தத் திசையையே காட்டுகிறது, மச்சான். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. மோதலின் அதிர்ச்சி, பாறையில் இருந்த காந்தத்தை அழித்தும்விடும். அமெரிக்காவின் சான்டா ஃபே பக்கத்தில் விண்கல் விழுந்த பள்ளமே தேய்ந்து போய்விட்டது. பாறை மட்டும் மிச்சம். சாதாரணப் பாறை, தன்னால் தாங்கக்கூடிய காந்தத்தில் 2, 3 வீதத்தை வைத்திருக்கும். அங்கே 0.1 வீதம்கூட இல்லை என்று 2021இல் எழுதினார்கள். ஆனாலும் காந்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. விண்கல் விழுந்திருக்குமோ என்ற சந்தேகத்தைத்தான் அது எழுப்பும். அதிர்ச்சியில் கூம்பு கூம்பாகப் பிளந்த பாறையோ, உள்ளே கோடு விழுந்த குவார்ட்ஸ் என்ற கனிமமோ கிடைத்தால்தான் உறுதி.

உன் கியூபெக்கில் மணிக்குவாகன் இருக்கிறதே, விண்கல் விழுந்த இடத்தில் வளையமாக நிற்கும் ஏரி! முழங்கால் சுகமானதும் போய்ப் பார்த்துப் படம் அனுப்பு. அப்புறம், ஊருக்கு வரும்போது பேரனுக்கு ஒரு நல்ல திசைகாட்டி கொண்டு வா. நிலாவரைக்கு மூவருமாகப் போவோம்.

அன்புடன்,
உன் பழைய சைக்கிள் கூட்டாளி