வாக்குச்சீட்டுக்கு முன்னால் ஒப்பந்தத்தைக் கொடுங்கள்: பேச்சுவார்த்தைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பேச்சுவார்த்தைக் குழுத் தோழர்களுக்கு,

வணக்கம். எட்டு மாதமாக நிர்வாகத்தோடு பேசிப் பேசி இந்த ஒப்பந்த வரைவைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஷிப்ட் முடிந்ததும் குளிக்கக்கூட நேரமில்லாமல் பேச்சுவார்த்தைக்கு ஓடியவர்கள் உங்களில் உண்டு. அந்த உழைப்பின் மேல் எங்களுக்கு மரியாதை இருக்கிறது. அதனால்தான் உங்களிடமே நேராகக் கேட்கிறேன்: வாக்கெடுப்புக்கு முன்னால் ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் எங்கள் கையில் கொடுங்கள்.

இப்போது நோட்டீஸ் போர்டில் இருப்பது இரண்டு பக்கச் சுருக்கம். சம்பள உயர்வு எவ்வளவு, நிலுவைத்தொகை எப்போது வரும், இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. மற்றதெல்லாம் 'இதர விதிகள் வழக்கம்போல்' என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டது. போன முறை நாம் அடி வாங்கியது அந்த 'இதர'வில்தான்.

போன ஒப்பந்தம் நிறைவேறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேன்டீனில் இருபது நிமிடக் கூட்டம். சுருக்கத்தை வாசித்தீர்கள், சம்மதம் என்றால் கை தூக்கச் சொன்னீர்கள். வாசலில் சூப்பர்வைசர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நானும் தூக்கினேன். நான்கு மாதம் கழித்து, பழைய சம்பளச் சீட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மொத்தத் தொகை கூடியிருந்தது. அடிப்படைச் சம்பளம் அப்படியே இருந்தது. உயர்வு முழுவதையும் 'சிறப்புப் படி' என்று ஒரு தனி வரியில் போட்டிருந்தார்கள். நமக்கு ஓவர்டைமும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. கையில் வந்தது கூடியது, ஆனால் ஓவர்டைம் ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைத்ததோ அதேதான் கிடைத்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்பவர்களுக்குத் தனிச் சம்பள அட்டவணை என்று உள்ளே ஒரு விதி இருந்ததே, அதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. என் பக்கத்து மெஷினில் நிற்கும் பையன் நான் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறான், என்னைவிட வேகமாகவே செய்கிறான். ஒரு நாள் டீ குடிக்கும்போது, "அண்ணே, இதுக்கு நீங்களும் கை தூக்கினீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானால் எதிர்த்து வாக்களித்தவரையும் அது கட்டும், நாளைக்குச் சேரப்போகிறவரையும் கட்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1951-இல் வெளியிட்ட 91-ஆம் பரிந்துரை இதைப் பற்றியதுதான். ஒப்பந்தத்தின் வாசகத்தைத் தொழிலாளர்களின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் செய்யலாம் என்றும் அதில் இருக்கிறது. கையெழுத்தான பிறகு முதலாளியே காட்ட வேண்டிய ஒன்றை, கையெழுத்துக்கு முன்னால் நம் சங்கம் நமக்குக் காட்டக் கூடாதா?

முழுசாகப் படித்தால் ஆட்கள் குழம்புவார்கள் என்று உங்களில் சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். 2024-இல் அமெரிக்காவில் போயிங் விமானத் தொழிலாளர்கள் சுமார் 33,000 பேருக்கு ஒரு வரைவு வந்தது. நான்கு ஆண்டில் 25 சதவீத உயர்வு என்பது அதன் தலைப்புச் செய்தி. சங்கத் தலைமையே ஏற்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. ஆனால் அதே வரைவில் ஆண்டு போனஸ் நீக்கப்பட்டிருந்தது. உறுப்பினர்கள் 94.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 53 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 38 சதவீத உயர்வோடு, அந்த போனஸும் திரும்ப வந்தது. ஏழு வாரத்துக்கு மேல் சம்பளம் இல்லாமல் இருந்தது சின்ன விஷயமில்லை. ஆனாலும் எதை விட்டு எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே அவர்கள் முடிவெடுத்தார்கள். இந்த வரைவை நிராகரிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. படித்துப் பார்த்து நானே ஆதரித்து வாக்களிக்கலாம்.

அப்புறம், வரைவைத் தரும்போது பழைய விதி எது, புதிதாக மாறியது எது என்று கோடு போட்டுக் காட்டுங்கள். ஒப்பந்தக் காலம் மூன்று ஆண்டா நான்கு ஆண்டா என்று சுருக்கத்தில் இல்லை, அதையும் சொல்லுங்கள். படிக்க ஒரு வாரமாவது வேண்டும். நைட் ஷிப்ட் ஆட்களுக்கும் தனியாக ஒரு கேள்வி நேரம் வையுங்கள். வாக்கெடுப்பு ரகசியமாக, சீட்டில், சூப்பர்வைசர்கள் இல்லாத இடத்தில் நடக்கட்டும். இனி கை தூக்கச் சொல்லாதீர்கள்.

அச்சடிக்கச் செலவாகும் என்றால் எங்கள் செக்‌ஷனில் வசூல் செய்து தருகிறோம். நேற்று மதியமே ஒன்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள், அந்தப் பையனும்தான்.

இப்படிக்கு,
இரண்டாம் ஷிப்ட் உறுப்பினர் ஒருவர்