குதூர் சாலையைப் பார்த்துவிட்டு வந்தேன்

பெங்களூரு
டிசம்பர் 2025

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், மனசுக்கு நிம்மதி. தம்பி மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். முதல் சம்பளத்தில் உனக்குப் புடவை எடுக்காமல் இருக்கமாட்டாள், நிறத்தை நீயே சொல்லிவிடு.

ஏரிக்கரை விஷயத்துக்கு வருகிறேன். ஆடியில் நட்ட கன்றுகளில் பாதியை ஆடு மேய்ந்துவிட்டது, புரட்டாசி வெயிலில் இன்னும் கொஞ்சம் போய்விட்டது, "இந்த வயசில் நமக்கு எதற்குடி இதெல்லாம்" என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் எழுத உட்கார்ந்த நேரத்தில்தான், இங்கே கர்நாடகத்தில் சாலையோரம் ஆலமரங்களை வளர்த்த சாலுமரத திம்மக்கா காலமான செய்தி வந்தது. நவம்பர் 14ஆம் தேதி. வயது 114. பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் "பாட்டி, எங்க பாடத்துல வர்ற அஜ்ஜி செத்துட்டாங்களாம்" என்றாள். அப்புறம் உனக்கு எழுதவே ஓடவில்லை. அவர் வைத்த மரங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மகன் காரில் கூட்டிக்கொண்டு போனான்.

மாகடியைத் தாண்டிப் போகவேண்டும். இது ராகி அறுவடைக் காலம். வழியெல்லாம் கதிரைத் தார்ச்சாலையிலேயே பரப்பி வைத்திருக்கிறார்கள், பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணி உதிர்கிறது. பெண்கள் ஓரமாக நின்று வண்டி போனதும் வைக்கோலைப் புரட்டிவிடுகிறார்கள். ஹுலிகல் ஊரைத் தொட்டதும் வெயில் சட்டென்று நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஆலமரம். ஹுலிகல்லிலிருந்து குதூர் வரை நாலரைக் கிலோமீட்டருக்கு 385 மரங்கள். காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். ஒரு மரத்தின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். என்னைப்போல் நாலு பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாது. விழுதுகளைச் சாலைப் பக்கம் வெட்டிவிட்டிருக்கிறார்கள், வயல் பக்கம் மட்டும் தரையைத் தொட்டு ஊன்றி நிற்கின்றன. மேலே இரண்டு வரிசைக் கிளைகளும் சேர்ந்துவிட்டதால் மைனாக்கள் சாலையைக் கடக்க இறக்கை விரிக்க வேண்டியதே இல்லை, கிளை மேலேயே நடந்து போகின்றன.

இதைச் செய்தது யார் என்று நினைத்துப் பாரேன். 1911இல் பிறந்தவர், பள்ளிக்கூடம் போனதில்லை, கல் குவாரியில் கூலி வேலை. கணவர் சிக்கய்யா, அவரும் கூலிக்காரர், கொஞ்சம் திக்கிப் பேசுவாராம். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. ஊர் சும்மா விடுமா? விசேஷ வீட்டில் ஒதுக்குவது, முகத்துக்கு நேரே கேட்பது, எல்லாம் நடந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் உயிரை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த நிலையில்தான் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து மரம் வளர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் ஆலமரத்துக்குப் பஞ்சமில்லை, அதிலிருந்தே கன்று தயார் செய்தார்கள். முதல் வருஷம் 10 கன்று. அடுத்த வருஷம் 15. மூன்றாவது வருஷம் 20. அவ்வளவுதான். ஒரே நாளில் ஆயிரம் கன்று நடுவதெல்லாம் இல்லை. இரண்டு பேரால் எத்தனைக்குத் தண்ணீர் சுமக்க முடியுமோ அத்தனைதான் நட்டார்கள்.

தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் இல்லை, செல்வி. ஆளுக்கு இரண்டு குடமாக நாலு குடம் தண்ணீரை நாலு கிலோமீட்டர் சுமந்து போய் ஊற்றியிருக்கிறார்கள். இதற்காகவே சிக்கய்யா கூலிக்குப் போவதை விட்டுவிட்டாராம். வீட்டுக்குச் சோறு திம்மக்கா கொண்டுவந்த கூலியில்தான். வேலை முடிந்து அவரும் குடத்தை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய்விடுவார். மழைக்காலம் பார்த்து நடுவது, ஆடு மாடு வாய் வைக்காமல் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் முள் வெட்டி அடைப்பது, காய்ந்துபோன முள்ளை எடுத்துவிட்டுப் புது முள் வைப்பது. இதுதான் அவர்களுடைய வேலை, வருஷக்கணக்காக. 'மரம் நட்ட பாட்டி' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்தச் சொல் போதவில்லை. நடுவது ஒரு நாள் காரியம். தண்ணீரும் முள்ளும்தான் அந்த 385 மரமும்.

சிக்கய்யா 1991இல் போய்விட்டார். ஒரு பெண் எண்பது வயசில் தனியாக, சொத்து இல்லாமல், பிள்ளை இல்லாமல் கிராமத்தில் இருப்பது எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகும் முழுசாக முப்பத்து நாலு வருஷம் வாழ்ந்திருக்கிறார், அதுவும் என்ன வாழ்க்கை! 1995இல் தேசிய அளவில் குடிமகன் விருது. பின்னாளில் உமேஷ் என்கிற இளைஞரை மகனாக ஏற்றுக்கொண்டார், அவரும் மரம் வளர்ப்பவர்தான். கடைசிவரை அவர்தான் பார்த்துக்கொண்டார். விருதுகள் வீட்டை நிறைத்தபோதும் ரொம்ப நாள் அரசு தரும் சொற்ப உதவித்தொகையில்தான் காலம் தள்ளியிருக்கிறார், அதை நினைத்தால் ஆதங்கமாகத்தான் இருக்கிறது. அப்போதும் அவர் கேட்டது தனக்கு இல்லை. எங்கள் ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்பதுதான் அவர் வருஷக்கணக்காகக் கேட்டுவந்தது.

2019 மார்ச்சில் பத்மஸ்ரீ வாங்கிய காட்சியை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். ராஷ்டிரபதி பவனில் எத்தனை கெடுபிடி, எங்கே நிற்கவேண்டும், எப்படித் திரும்பவேண்டும் என்று கணக்கு உண்டு. குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் விருதைக் கொடுத்துவிட்டு, கேமராவைப் பாருங்கள் என்கிறார். இந்த அம்மா கையைத் தூக்கி அவர் நெற்றியைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணிவிட்டார். அவருக்கு அப்போது 107. எதிரில் இருந்தவர் மகன் வயசு. சபை முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை இல்லை என்று ஒரு காலத்தில் எந்த மங்கல காரியத்துக்கும் முன்னால் நிற்க விடாத கை அது.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. இந்த மரங்கள் நிற்கிற பாகேபள்ளி - ஹலகூர் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், மரங்களில் கை வைப்பார்கள் என்று தெரிந்ததும், முதலமைச்சராக இருந்த குமாரசாமியிடம் கேட்டுக்கொண்டார், என் மரத்தை வெட்டாதீர்கள் என்று. வேறு வழி பார்க்கிறோம் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது. எழுபது வருஷத்துக்கு முன்னால் குடத்தில் தண்ணீர் ஊற்றியவர் நூறைத் தாண்டியும் காவலுக்கு நின்றிருக்கிறார். நான் நடந்த நிழல் அதனால்தான் இன்னும் இருக்கிறது. 2022இல் கர்நாடக அரசு அவரைச் சுற்றுச்சூழல் தூதராக்கி அமைச்சருக்குரிய அந்தஸ்தும் கொடுத்தது. இறந்தபோது அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு. இங்கே பல ஊர்களில் அவர் பேரிலேயே மரப் பூங்கா இருக்கிறது. எங்கள் பேத்தி ஊஞ்சல் ஆடுகிற பூங்காவும் அதில் ஒன்று.

சாலையோரத்தில் ஒரு பெரியவர் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். என் அரைகுறைக் கன்னடத்தில் திம்மக்காவைப் பற்றிக் கேட்டேன். ஒரு மரத்தைக் காட்டி, அதன் அடியில் உட்கார்ந்துதான் சின்ன வயசில் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன் என்றார். பெரிசாக வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கே இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும்.

நீ கல்யாணம் வேண்டாம் என்று நின்றபோது உன்னைப் பேசாத வாய் இல்லை. அந்த வாய்கள் எல்லாம் இப்போது எங்கே என்று தெரியாது. தம்பி போனதும் மூன்று பிள்ளைகளை இடுப்பில் தூக்கி, விடியற்காலையில் சோறு வடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடி வருவாயே, ஸ்டாஃப் ரூமில் உன் புடவைத் தலைப்பில் சாதப் பருக்கை ஒட்டியிருக்கும். அந்தச் சாலையில் நடக்கும்போது உன் ஞாபகம்தான். 'இந்த வயசில் நமக்கு எதற்கு' என்று நீ எழுதலாமா? திம்மக்கா கணவரை இழந்து தனியாக நின்ற வயசைவிட நீ இப்போது இளையவள்.

அதனால் சொல்கிறேன், கேள். நூறு கன்று வேண்டாம். பிழைத்திருப்பதை மட்டும் எண்ணு. பொங்கலுக்கு நான் வருகிறேன், ஒரு வாரம் இருப்பேன். ஏரியில் வேலிகாத்தான் முள்ளுக்குக் குறைவே இல்லை, வெட்ட ஒரு ஆளை இப்போதே சொல்லி வை. கையுறை நான் வாங்கி வருகிறேன். வருகிற ஆடியில் பிள்ளையார் கோயில் ஆலமரத்தில் பத்தே பத்துப் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி, வெட்டுவாயில் சாணி அப்பி நடலாம். தண்ணீருக்கு உன் பழைய மாணவர்களைப் பிடி. சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு போக அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கோடையில் முறை வைத்து ஊற்ற ஒரு நோட்டுப் போட்டுவிடலாம், அது உனக்குக் கை வந்த கலை.

உன் அம்மாவுக்கு இங்கிருந்து ராகி மாவு கொண்டுவருகிறேன், புது ராகி. வேறு ஏதாவது வேண்டுமானால் பதினைந்து நாளுக்குள் எழுது.

என்றும் உன்,
சாந்தா