ரிமாண்டில் இருப்பவரைக் ‘கைதி’ என்று எழுதாதீர்கள்

மலேசியத் தமிழ் நாளிதழ்கள், செய்தித் தளங்களின் ஆசிரியர்களுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

‘இளைஞர் கைது’ என்று முதல் நாள் வரும் செய்தி சரி. மறுநாள் அதே இளைஞர் ‘கைதி’ ஆகிவிடுகிறார். இரண்டும் ஒரே அரபு வேரிலிருந்து வந்த சொற்கள் என்பதால் கை தானாக அப்படி எழுதிவிடுகிறது. ஆனால் தோட்டத் தொழிலாளர் லயத்தில் அதை வாசிப்பவருக்குக் கைதி என்றால் தண்டனை வாங்கியவர், மலாயில் ‘பண்டுவான்’. போலீஸ் நிலைய லோக்காப்பில் இருப்பவர் மீது பெரும்பாலும் குற்றச்சாட்டே பதிவாகியிருக்காது.

கூட்டரசு அரசமைப்பின் 5(4) பிரிவுப்படி, கைதானவரை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117ஆம் பிரிவின்கீழ் போலீஸ் ரிமாண்ட், அதாவது விசாரணைக்காகக் காவலில் வைக்கும் அனுமதி, கேட்கும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமென்றால் முதலில் 4 நாள் வரை, பிறகு 3 நாள் வரை. 14 ஆண்டு அல்லது அதற்கு மேல், மரண தண்டனை உட்பட, என்றால் 7 நாள், மீண்டும் 7 நாள். இந்த நாள்களை முடிவு செய்யுமுன் மாஜிஸ்திரேட் கைதானவர் தரப்பையும் கேட்க வேண்டும். அவரே பேசலாம், வழக்கறிஞரும் பேசலாம்.

கெடுதல் நடப்பது இந்த இடத்தில்தான். ‘கைதி’ என்று படித்த குடும்பம் வழக்கே முடிந்துவிட்டதாக நினைத்து முடங்கிவிடுகிறது. வழக்கறிஞரைத் தேட வேண்டிய முதல் 24 மணி நேரம் அழுகையிலேயே போய்விடும். மலேசியக் குடிமக்களுக்கு ரிமாண்ட் கட்டத்திலேயே தேசிய சட்ட உதவி அறவாரியம் இலவசமாக வழக்கறிஞர் தருகிறது என்பது பலருக்குத் தெரியாது. செய்தியின் அடியில் அந்த ஒரு வரியைச் சேர்த்தால் எவ்வளவோ உதவி.

அடுத்தது வேலை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 15(2) பிரிவின்படி, தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் விடுப்பின்றி வராதவர் ஒப்பந்தத்தை மீறியவராவார். தக்க காரணம் இருந்து, அதை முதலாளிக்குச் சொல்லியிருந்தாலோ சொல்ல முயன்றிருந்தாலோ தப்பலாம். 4 நாள் ரிமாண்ட் இந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே வீட்டார் தோட்டத்து எழுத்தரான கிராணிக்கோ தொழிற்சாலைக்கோ உடனே வாட்ஸ்அப்பில் ‘டிரெமான் உந்துக் சியாசாத்தான்’, அதாவது விசாரணைக்காக ரிமாண்ட், என்று தேதியோடு அனுப்பி, அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பத்திரிகையில் ‘கைதி’ என்று வந்த பிறகு மேற்பார்வையாளரான மண்டோரிடம் இதை விளக்குவது பெரும்பாடு.

எழுத வேண்டிய சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ரிமாண்டில் இருப்பவர் சந்தேக நபர். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டால் குற்றஞ்சாட்டப்பட்டவர்; ஜாமீன் கிடைக்காமல் தைப்பிங் சிறையிலோ தாப்பா சிறையிலோ இருந்தாலும் அப்படித்தான். தீர்ப்பில் குற்றவாளி எனக் கண்டு சிறைத்தண்டனை விதித்த பிறகு கைதி என்று தாராளமாக எழுதுங்கள். தமிழ்நாட்டுச் செய்திகளிலிருந்து வரும் ‘விசாரணைக் கைதி’யை நம் லோக்காப்பில் இருப்பவருக்கு ஒட்டவைக்க வேண்டாம்.

‘தடுப்புக் காவல்’ இன்னொரு சிக்கல். சாதாரண ரிமாண்டுக்கும் அதையே போடுகிறீர்கள். இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அதன்கீழ் அடைத்து வைத்த கமுந்திங் முகாமையும் மறக்காத பெரியவர்கள், விசாரணையே இல்லாத ஈராண்டு தடுப்பு என்று பதறிவிடுகிறார்கள். இசா 2012இல் ரத்தானது. ஆனால் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டத்தில் 28 நாள் வரை வைத்திருக்கலாம், போக்கா எனும் குற்றத் தடுப்புச் சட்டத்தில் ஈராண்டுத் தடுப்பாணை இன்றும் உண்டு. எனவே எந்தச் சட்டம், எத்தனை நாள், எந்தத் தேதி வரை என்பதைச் செய்தியில் கட்டாயம் எழுதுங்கள்.

குற்றச்சாட்டு இல்லாமல் விடுவிக்கப்பட்டால், அதையும் அதே பக்கத்தில் போடுங்கள். இணையத்தில் கிடக்கும் பழைய பதிவின் தலைப்பையும் திருத்துங்கள். அடுத்த வேலைக்கு மனுப் போடும்போது முதலாளி தேடிப் பார்ப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
கைதானவர்களின் குடும்பங்களுக்கு உதவும் தன்னார்வலர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்