புளி அதே அளவுதான், கண்ணு

கண்ணு,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. நெல்லிக்காய் அளவு புளிதான் கரைத்தேன், ஆனாலும் வாயில் வைக்க முடியவில்லை, ரசத்தை அப்படியே கொட்டிவிட்டேன் என்றாய். உன் கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா?

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்த்துவிட்டு வந்த 550 பேரிடம் ஐஸ்கிரீம் கொடுத்துச் சுவை எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். 2015-ல் வந்த ஆய்வு. ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தவர்களுக்கு இனிப்பு தூக்கலாகவும் புளிப்பு மட்டாகவும் தெரிந்ததாம். தோற்ற வருத்தத்தில் இருந்தவர்களுக்கு அப்படியே தலைகீழ். படித்ததும் உன் ரசம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எனக்கும் நடந்திருக்கிறது. ஆயா இறந்த மாதம், வழக்கமாக வாங்கும் ஏற்காட்டுக் காபித்தூள் ஒரே கசப்பு. சிக்கரியைக் கூட்டிவிட்டீர்கள் என்று கடைக்காரரிடம் சண்டையே போட்டேன். பாவம், மறுபேச்சு பேசாமல் வேறு தூள் அரைத்துக் கொடுத்தார். அதுவும் கசந்தது. ரெண்டு மாதம் கழித்து அதே கடை, அதே பழைய தூள், நன்றாகத்தான் இருந்தது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

குணத்துக்கும் நாக்குக்கும்கூட சம்பந்தம் இருக்கிறது. தட்டுவடை செட் கடையில் உன் தம்பியைப் பார்த்திருக்கிறாயே! வடைமேல் சிவப்புச் சட்னி தடவி, கேரட், பீட்ரூட் துருவலை வைத்து, மேல்வடையை அழுத்தும் முன்னாலேயே “அண்ணா, இன்னும் காரம்” என்பான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறியே தீருவேன் என்றவனும் அவன்தான். பரபரப்பைத் தேடும் ஆட்களுக்குக் காரம் அதிகம் பிடிக்கிறது என்று பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் கண்டிருக்கிறார்கள். கசப்புப் பிரியர்களிடம் கடுமை கொஞ்சம் கூடுதல் என்று ஆஸ்திரியாவில் ஒரு ஆய்வு சொல்கிறது. அதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பாகற்காயை ஆசையாகத் தின்னும் உன் அப்பா, உன்னை ரயிலேற்றிவிட்டு சேலம் ஜங்ஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதவர்.

சரி, புளியைக் குறைக்காதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. ரசத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஆபீசில் என்ன நடந்தது என்று முதலில் சொல்லு. நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அம்மா