உன் பேய் சீக்கிரம் வந்துவிட்டது

விருத்தாசலம்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பேய்க்கதையை உன் அம்மா முக்குக் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். பதினோரு பக்கம். மூன்றாம் பக்கத்தில் மல்லிகை வாசம் வந்துவிட்டது, நாலாம் பக்கத்தில் கொலுசு, ஐந்தில் அவளே வந்து நிற்கிறாள். மீதி ஆறு பக்கமும் போக வழி தெரியாமல் அங்கேயே நிற்கிறாள். எனக்குப் பயம் போய் அந்தப் பேய் மேல் பரிதாபம் வந்துவிட்டது. கோபப்படாதே. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் சத்தம் போடுவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் கரண்ட் போன ராத்திரிகளில் உனக்கு இரண்டு கதை மாற்றி மாற்றிச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? 'குரங்குப் பாதம்', 'சிக்னல்மேன்'. முதலாவது இங்கிலீஷ் எழுத்தாளர் ஜேக்கப்ஸ் 1902இல் எழுதியது. இரண்டாவது டிக்கன்ஸ் 1866 கிறிஸ்துமஸுக்கு எழுதியது. போன வாரம் இரண்டையும் எடுத்து மறுபடி படித்தேன். இரண்டு கதையிலும் பேயின் முகத்தை நீ பார்க்கவே மாட்டாய். அதில் இருவரும் ஒன்று. மற்றபடி ஒருவர் போகிற வழிக்கும் மற்றவர் போகிற வழிக்கும் சம்பந்தமில்லை.

ஜேக்கப்ஸ் பெரும்பாலும் சிரிப்புக் கதை எழுதியவர். கப்பல்காரர்கள், படித்துறை ஆட்கள், அவர்களுடைய சில்லறைத் தில்லுமுல்லு. சிரிக்க வைக்கிறவனுக்கு நேரம் பிடிபட்டிருக்கும், ஒரு வார்த்தை முன்னே பின்னே போனால் காரியம் கெட்டுவிடும் என்று தெரியும். இந்தக் கதையிலும் அந்தக் கைதான். தொடக்கத்தைப் பார். மழை ராத்திரி, அப்பாவும் மகனும் சதுரங்கம் ஆடுகிறார்கள். அப்பா தப்பாக ஒரு காயை நகர்த்திவிட்டு, மகன் கவனிக்கக்கூடாதே என்று "காற்று எப்படி அடிக்கிறது பார்" என்று பேச்சை மாற்றுகிறார். யோசிக்காமல் நகர்த்துகிற ஆள், நகர்த்தின பிறகு மறைக்கப் பார்க்கிற ஆள் என்று முதல் பத்தியிலேயே அவரைக் காட்டிவிட்டார். அப்புறம் நடப்பதெல்லாம் அந்த ஆள் செய்யக்கூடியதுதான்.

இந்தியாவில் இருபத்தொரு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் அந்தப் பாதத்தைக் கொண்டுவருகிறான். யாரோ ஒரு பக்கிரி மந்திரித்துக் கொடுத்ததாம். (வெள்ளைக்காரன் கதைகளுக்குப் பயம் சப்ளை செய்ததே நம் நாடுதான். உன் அம்மாவிடம் சொன்னபோது, "குரங்கின் கையா, ஐயோ பாவம், எந்தப் பாவி வெட்டினான்" என்றாள். அவளுக்குக் கதை அங்கேயே முடிந்துவிட்டது.) மூன்று பேருக்குத் தலைக்கு மூன்று வரம். முதல் ஆள் கடைசியாகக் கேட்டது சாவு. இதை வந்தவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறான். மூன்று என்று எண்ணிக்கை சொன்னவுடனே நமக்குள் மணி ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒன்று போனால் மீதி இரண்டு. எதைக் கேட்பது என்று அப்பா விழிக்கும்போது, இருநூறு பவுன் கேளுங்கள், வீட்டுக் கடன் தீரும் என்று சொல்வது மகன். தன் உயிருக்குத் தானே விலை சொல்கிறான் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவன் வேலையில் மிஷினில் சிக்கிச் செத்து, அதே இருநூறு மறுநாள் நஷ்டஈடாக வந்து சேரும்போதுதான் முதுகில் குளிர் ஏறுகிறது.

இந்தத் தடவை ஒரு விஷயம் புதிதாகக் கண்ணில் பட்டது. அந்த வீட்டு வாசலுக்கு மூன்று தடவை ஆள் வருகிறது. முதலில் பட்டாளத்துக்காரன். கேட் சத்தம், கனத்த காலடி, அப்பா எழுந்து ஓடிப்போய் கதவைத் திறக்கிறார். இரண்டாவது, மறுநாள் நல்ல வெளிச்சத்தில், பட்டுத் தொப்பி போட்ட ஒருவன். மூன்று தடவை கேட் வரைக்கும் வந்து தயங்கி, நாலாவது தடவைதான் உள்ளே வருகிறான். அந்த அம்மா அவசரமாக இடுப்பில் கட்டிய ஏப்ரனை அவிழ்த்து நாற்காலித் திண்டுக்கு அடியில் சொருகுகிறாள், நல்ல உடுப்பைப் பார்த்தால் பணம் கொண்டுவருகிறவன் மாதிரி இருக்கிறதே என்று. ஆசையும் கெட்ட சேதியும் ஒரே கேட் வழியாக வருகின்றன. மூன்றாவது தடவை வருவது ராத்திரியில். இதற்குள் வாசல் என்றாலே நமக்குப் பயம் பழகிவிட்டது. ஜேக்கப்ஸ் புதிதாக எதையும் கொண்டுவர வேண்டியதில்லை, தட்டினால் போதும்.

தட்டுவதற்கு முன்னால் எவ்வளவு இழுக்கிறார் பார். மகனைப் புதைத்தது இரண்டு மைல் தள்ளி இருக்கும் புதுக் கல்லறைத் தோட்டத்தில். அம்மா பிடிவாதம் பிடித்து, மகன் உயிரோடு வர வேண்டும் என்று இரண்டாவது வரத்தைக் கேட்க வைக்கிறாள். கேட்டாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. மெழுகுவத்தி எரிந்து அணைகிறது. அப்பாடா என்று இருவரும் படுக்கிறார்கள். கடிகாரச் சத்தம், படிக்கட்டு முனகுகிற சத்தம், ஒரு சுண்டெலி. இருட்டு தாங்காமல் அப்பா தீப்பெட்டியோடு கீழே இறங்குகிறார். கடைசிப் படியில் குச்சி அணைகிறது. அடுத்த குச்சியைக் கிழிக்க நிற்கும்போது, கேட்டும் கேட்காத மாதிரி கதவில் ஒரு தட்டு. மேலே ஓடிவந்தவரிடம் என்ன சத்தம் என்று அவள் கேட்க, "எலி" என்கிறார். எவ்வளவு சின்னப் பொய்! சதுரங்கத்தில் காற்றைக் காட்டின அதே மனுஷன். அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது: இரண்டு மைல் தூரத்தை நான் மறந்தே போனேன், அதனால்தான் இவ்வளவு நேரம் என்கிறாள். பாப்பா, அந்தக் கதையில் எனக்கு மயிர்க்கூச்செறிகிற இடம் இதுதான். ஒரு பிணம் இரண்டு மைல் நடந்து வந்திருக்கிறது என்பதை, பஸ் லேட்டான கணக்கு மாதிரி ஒரு அம்மா சொல்கிறாள்.

அவளுக்கு மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை, நாற்காலியை இழுக்கிறாள். அவர் தரையில் மண்டியிட்டு இருட்டில் அந்தப் பாதத்தைத் துழாவுகிறார். இருவருக்கும் அவன் பிள்ளைதான். ஆனால் உடுப்பை வைத்துத்தான் அவனை அடையாளம் கண்டேன் என்று அவர் முன்பே ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். மிஷினில் சிக்கின உடம்பு, பத்து நாள் ஆயிற்று. மீதியை நாமே வரைந்துகொள்கிறோம். நீ வரைந்ததும் நான் வரைந்ததும் ஒன்றாக இருக்காது, அதனால்தான் அவர் வரையவில்லை. தாழ்ப்பாள் திறக்கவும் மூன்றாவது வரத்தைக் கேட்கவும் சரியாக இருக்கிறது. வெளியே வெறும் தெருவிளக்கு, வெறும் ரோடு.

டிக்கன்ஸ் இப்படி ஓடமாட்டார். அவருடைய கதை நின்ற இடத்திலேயே சுற்றும். ஆழமான பள்ளத்தில் ரயில்பாதை, ஈரம் கசியும் பாறைச்சுவர், சுரங்கத்தின் வாயில் ஒரு சிவப்பு விளக்கு. மேலே நின்று ஒருவன் "ஹலோ, கீழே இருக்கிறவரே" என்று கூப்பிடுகிறான். சிக்னல்காரன் அண்ணாந்து பார்க்காமல் சுரங்கத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். ஏன்? நமக்குத் தெரிய ரொம்ப நேரம் ஆகும். பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு தடவை முகம் வெளுத்து, அடிக்காத மணியைப் பார்க்கிறான், எழுந்து போய் கதவைத் திறந்து சிவப்பு விளக்கைப் பார்க்கிறான். பேய் என்ற பேச்சே இன்னும் வரவில்லை. பயந்தவனை முதலில் காட்டிவிட்டு, பயந்த காரணத்தை மறுநாள் ராத்திரிக்குத் தள்ளிவைத்துவிடுகிறார். நீ தலைகீழாகச் செய்திருக்கிறாய்.

பேய் அடிக்கிற மணி எப்படி இருக்கும் என்று அவன் சொல்கிற இடத்தை என்னைப் போல இருபத்தெட்டு வருஷம் பிளாக் இன்ஸ்ட்ருமென்ட் (அடுத்த ஸ்டேஷனோடு மணியடித்துச் சேதி சொல்கிற பெட்டி) பக்கத்தில் உட்கார்ந்தவன்தான் ரசிக்க முடியும். அது ஒரு விதமான அதிர்வு, மனுஷன் அடிக்கிற மணியோடு ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை, மணி அசைந்து பார்த்ததாகவும் நான் சொல்லவில்லை என்கிறான். சத்தியமாக, அடுத்த ஸ்டேஷனில் டியூட்டியில் இருப்பது யார் என்று அவர் மணி அடிக்கிற தினுசிலேயே நாங்கள் சொல்லிவிடுவோம். சின்னசேலம் பக்கம் மீட்டர் கேஜில் இருந்தபோது ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு ஒற்றை மணி கேட்டது. போனை எடுத்தால் அடுத்த ஸ்டேஷன்காரர், "நான் அடிக்கலையே சார்" என்கிறார். பக்கத்திலேயே இருந்த பாயிண்ட்ஸ்மேனுக்கும் கேட்கவில்லை. மின்னல் இழுத்தால் கம்பி வழியாக மணி தட்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அன்றைக்கு மழையும் இல்லை. விடியும் வரை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உனக்கு இதுவரை சொன்னதில்லை, சொல்ல அதில் கதை இல்லை.

சிக்னல்காரனுடைய கஷ்டம் பேய் இல்லை பாப்பா. பேய் எச்சரிக்கிறது, எதற்கு என்று சொல்லவில்லை. முதல் தடவை ஒரு கையால் கண்ணை மறைத்து மறு கையை வீசி "ஹலோ, கீழே இருக்கிறவரே, ஜாக்கிரதை" என்று கத்தியது, ஆறு மணி நேரத்துக்குள் பெரிய விபத்து. இரண்டாவது தடவை மௌனமாக முகத்தைப் பொத்தி நின்றது, ஓடுகிற வண்டியில் ஒரு பெண் செத்தாள். (இந்த நடு இடம் எனக்குக் கொஞ்சம் தொய்வுதான்.) இப்போது மறுபடி நிற்கிறது. அவன் 'அபாயம்' என்று தந்தி அடித்தால், "என்ன அபாயம்? எங்கே?" என்று கேட்பார்கள். "தெரியாது, ஆனால் ஜாக்கிரதை" என்று பதில் சொன்னால் வேலை போய்விடும். எங்களுக்கு ஆபத்து என்றால் மணியை ஆறு தடவை அடிக்க வேண்டும். அதைக் காரணம் இல்லாமல் அடித்திருந்தால் எனக்கும் சார்ஜ் ஷீட்தான் வந்திருக்கும்.

டிக்கன்ஸுக்கு இது கற்பனை மட்டும் இல்லை. 1865 ஜூன் 9 அன்று ஸ்டேப்பிள்ஹர்ஸ்டில் கவிழ்ந்த வண்டியில் அவர் இருந்தார். பாலத்தில் தண்டவாளத்தைக் கழற்றி வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி அட்டவணையைத் தப்பாகப் பார்த்துவிட்டான். சிவப்புக் கொடிக்காரன் ஆயிரம் கஜத்தில் நிற்க வேண்டியவன், 554 கஜத்தில் நின்றான். பத்துப் பேர் செத்தார்கள். டிக்கன்ஸ் அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு அலைந்தார். ஐந்து வருஷம் கழித்து அதே ஜூன் 9இல் அவரும் போனார். கை வீசினான், போதவில்லை: அந்தக் கொடிக்காரனைத்தான் சுரங்க வாசலில் நிறுத்தியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

முடிவில் சிக்னல்காரனே இன்ஜினில் அடிபடுகிறான். டிரைவர் கையை அதே மாதிரி வீசி, அதே மாதிரி கத்தியிருக்கிறான். அவன் கத்திய சொற்களில் சில, கதை சொல்கிறவன் தன் மனசுக்குள் மட்டும் நினைத்தவை, வாய்விட்டு யாரிடமும் சொல்லாதவை. ஜேக்கப்ஸ் கதவுக்கு வெளியே நிறுத்தியதை டிக்கன்ஸ் கேட்கிறவன் மண்டைக்குள் நிறுத்திவிட்டார்.

எது பெரிது என்று கேட்பாய். வேலையில் இருந்தவரை எனக்கு சிக்னல்மேன்தான். நீ ஊரைவிட்டுப் போன பிறகு மற்றதைத் தனியாகப் படிக்க முடியவில்லை. போன வாரமும் உன் அம்மா பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் படித்தேன். இந்த வயசில் நான் தாழ்ப்பாளைத் திறக்க நாற்காலி இழுக்கிற பக்கமா, தரையில் துழாவுகிற பக்கமா என்று எனக்கே நிச்சயமில்லை.

உன் கதைக்கு வருகிறேன். மல்லிகையை எடுத்துவிடு, கொலுசையும். ஏழாம் பக்கத்தில் வாட்ச்மேன் தினமும் இரண்டு டம்ளரில் டீ ஊற்றுகிறான் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுபோ. ஏன் இரண்டு என்று கடைசி வரை யாரும் கேட்க வேண்டாம்.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் பார்சல் போட்டிருக்கிறாள், வந்ததும் சொல். இன்னொன்று. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போன் வந்தால் கண்ணாடி இல்லாமல் எனக்குப் பேர் தெரிவதில்லை, எடுப்பதற்குள் என்னென்னவோ நினைத்துவிடுகிறேன். சும்மா பேசுவதற்கு என்றால் இரண்டு ரிங் விட்டு வெட்டிவிட்டு மறுபடி அடி. எங்கள் கணக்கில் இரண்டு தடவை மணி அடித்தால் 'லைன் கிளியரா?', பாதை காலியா என்று அர்த்தம்.

அன்புடன்
அப்பா