கஞ்சாவுக்கு முன்னால் வரும் சிகரெட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கஞ்சாவுடனும் போதை மாத்திரைகளுடனும் இளைஞர்கள் பிடிபட்ட செய்திகள் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து அடிக்கடி வருகின்றன. விற்பவர்களைப் பிடிப்பது அவசியம்தான். ஆனால், அந்தப் பையன் கஞ்சாவுக்கு வருவதற்கு முன் எதைத் தொட்டான் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் காண்டெல், பீர் அல்லது ஒயினில் தொடங்கி, சிகரெட்டுக்கோ கடும் மதுவுக்கோ சென்று, அதன் பிறகே கஞ்சாவுக்கும் மற்ற போதைகளுக்கும் போகும் வரிசையை 1975-லேயே எடுத்துக்காட்டினார். 1997-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வின்படி, 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தனர். 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் இது 10 விழுக்காடு அளவில்தான் இருந்தது. சிகரெட் பிடித்த எல்லோரும் கஞ்சாவுக்குப் போய்விடுவதில்லை. வீட்டுச் சூழலுக்கும் சேர்க்கைக்கும் இதில் பெரும் பங்குண்டு. ஆனாலும், ஆசையை அடக்கி யோசிக்கும் மூளைப் பகுதி முதிர்ச்சியடைய இருபத்தைந்து வயதுவரை ஆகும் நிலையில், பதின்மூன்று வயதில் நிகோடினுக்குப் பழகுவதைச் சின்ன விஷயமாக எப்படி ஒதுக்க முடியும்? புகையை நெஞ்சுக்குள் இழுக்கப் பழகிவிட்ட பையனுக்குக் கஞ்சா பீடியை நீட்டினால், அதில் அவன் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

நம் பகுதியில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் பேக்கரி வாசலில்தான் தொடங்குகிறது. பள்ளி விட்ட நேரத்தில் பஸ் ஸ்டாண்டு பேக்கரிகளில் நின்று பாருங்கள். சீருடைச் சட்டையை வெளியே எடுத்துவிட்ட பையன்கள் இருவர், ஒரே சிகரெட்டை வாங்கிப் பின்பக்கச் சந்தில் மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டு, வாசனை தெரியாமலிருக்கப் புதினா மிட்டாயைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். முழுப் பாக்கெட் வாங்க அவர்களிடம் காசு கிடையாது. ஒற்றைச் சிகரெட் கிடைப்பதால்தான் இது நடக்கிறது.

18 வயது நிறையாதவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதையும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாருங்க" என்று சிறுவன் சொன்னாலும் விற்கக் கூடாது என்பதே சட்டம். அப்படி அனுப்பும் அப்பாக்களுக்கும் இது தெரிய வேண்டும்.

வீட்டு விசேஷங்களையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயில் நோம்பி முடிந்து கெடா வெட்டும் நாளில், "ஆம்பளைப் பையன்தானே, ஒரு மடக்குக் குடிக்கட்டும்" என்று பத்தாம் வகுப்புப் பையனிடம் டம்ளரை நீட்டுவது சொந்த மாமனும் சித்தப்பனும்தான். மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்கு மதுவையோ போதைப் பொருளையோ புகையிலையையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் இடமுண்டு. மாமன் என்பதற்காக அதில் விலக்கு எதுவும் இல்லை.

ஆகவே, உள்ளாட்சி அமைப்புகளும் காவல் துறையும் பள்ளிச் சுற்றுச்சுவரிலிருந்து நாடாவைப் பிடித்து அளந்து, அந்த எல்லைக்குள் விற்கும் கடைகளின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒற்றைச் சிகரெட் விற்பனையை அடியோடு நிறுத்த வேண்டும். டாஸ்மாக் கடைகளில் 21 வயது விதியை அறிவிப்புப் பலகையோடு விட்டுவிடாமல், சந்தேகம் வரும்போது வயதுச் சான்றைக் கேட்டே விற்க வேண்டும். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன்பே இவற்றைச் செய்யுமாறு மாவட்ட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியை ஒருவர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.