புதிய டயருக்கு எவ்வளவு காற்று? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காக்கி புக்கிட்டில் உள்ள நம் கடையில் மோட்டார்சைக்கிளுக்கு டயர் மாற்றிக்கொண்டு கிளம்பும்போது பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இதுக்கு எவ்வளவு காத்து அடிக்கணும்?" அடுத்த வண்டி காத்திருக்கும் அவசரத்தில் நாங்களும் ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது போதாது என்பதைச் சென்ற மாதம் தெரிந்துகொண்டோம்.

உணவு விநியோகம் செய்யும் இளைஞர் ஒருவர், இரண்டு டயரையும் புதிதாக மாற்றிய நான்காம் நாள் திரும்பி வந்து, மழையில் பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டின்மீது பின்சக்கரம் வழுக்கியதாகவும், டயர் சரியில்லை என்றும் வருத்தத்துடன் சொன்னார். வண்டியைக் கடையிலேயே விட்டுச் செல்லச் சொல்லி மறுநாள் காலையில் அளந்தபோது, இரண்டு டயரிலும் காற்றழுத்தம் 41 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருந்தது. பின்டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து இரண்டுக்கும் அவரே அடித்திருக்கிறார். அவருடைய வண்டிக்கு முன்னால் 29, பின்னால் 33 போதும். அந்த எண் எதற்கு என்று விளக்காமல் அனுப்பியது எங்கள் தவறு. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

டயரின் பக்கவாட்டில் இருப்பது, அந்த டயர் தன் உச்சப் பளுவைச் சுமக்கும்போது இருக்கவேண்டிய அழுத்தம். உங்கள் வண்டிக்கு உரிய அழுத்தம் அன்று. ஒரே டயர் பல வகை வண்டிகளில் பொருந்தும் என்பதால், டயர் செய்தவருக்கு உங்கள் வண்டியின் எடை தெரியாது. வண்டி செய்தவருக்குத்தான் தெரியும். ஆகவே பார்க்கவேண்டிய இடம் செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் சிறிய ஒட்டுத்தாள். அது அழிந்துபோயிருந்தால் வண்டியின் கையேடு. அதே அளவுள்ள புதிய டயரைப் போட்டதனால் அந்த எண் மாறுவதில்லை. ஒட்டுத்தாளில் கிலோபாஸ்கலில் இருந்தால் 100 கிலோபாஸ்கலுக்கு 14.5 பிஎஸ்ஐ என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 200 என்பது 29, 225 என்பது ஏறத்தாழ 33. பல வண்டிகளில் தனியாகச் செல்வதற்கு ஓர் எண்ணும், பின்னால் ஆள் இருந்தால் வேறோர் எண்ணும் தந்திருப்பார்கள். பெரும்பாலும் பின்டயரில்தான் கூடும். கனமான விநியோகப் பெட்டியுடன் நாள் முழுவதும் ஓடுபவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பின்பற்றுவது நல்லது.

அந்த எண் 'குளிர்ந்த' டயருக்கு உரியது என்பதுதான் பலரும் தவறவிடும் செய்தி. இரவெல்லாம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தில் நின்ற வண்டியின் டயர் காலையில் குளிர்ந்த டயர். தீவு விரைவுச்சாலையில் இருபது நிமிடம் ஓடிவந்த டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடியிருக்கும். பெட்ரோல் நிலையத்துக்குச் சூடான டயருடன் போய், கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைந்த காற்றுடன் நிற்கும். இதற்கு எளிய வழி, கையடக்கமான அழுத்தமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது. காலையில் வண்டியை எடுக்குமுன் அளந்து பாருங்கள்; 33 இருக்கவேண்டிய டயரில் 30 இருந்தால் குறைவு மூன்று. பெட்ரோல் நிலையத்தை அடையும்போது அதே டயர் 32 காட்டலாம். அங்கே 33 அல்ல, 35 வரை ஏற்றுங்கள். வீட்டில் கண்ட குறைவை அங்கே காணும் எண்ணுடன் கூட்டினால் கணக்குச் சரியாகிவிடும்.

மழைக்காலத்தில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கவேண்டும் என்று சிலர் நம்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காற்றுக் குறைந்த டயர் சாலையில் தேங்கிய நீரைப் பிளந்து தள்ள இயலாமல், குறைந்த வேகத்திலேயே நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பரில் விரைவுச்சாலையில் செல்பவர்களுக்கு அது பேராபத்து. அளவுக்கு மீறி ஏற்றினாலோ, ஏறத்தாழ உள்ளங்கை அளவே தரையைத் தொடும் டயர் இன்னும் சுருங்கித் தொடும். நடுப்பகுதி மட்டும் தேயும். ஈரமான சாலைக்கோட்டிலும் சாக்கடை மூடியிலும் வழுக்கும்.

புதிய டயருக்கென்று உண்மையாகவே தனிக் கவனம் வேண்டியது இரண்டு இடங்களில். டயரைப் பொருத்தும்போது அதன் விளிம்பு ரிம்மில் 'டப்' என்ற சத்தத்துடன் உட்காரும்வரை வழக்கத்தைவிட அதிகமாகக் காற்று ஏற்றி, பிறகு உரிய அளவுக்கு இறக்குவோம். ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பார்க்கலாம். ஓரிடத்தில் அது உள்ளே புதைந்திருந்தால் உடனே எங்களிடம் சொல்லுங்கள். டியூப் உள்ள சக்கரமாக இருந்தால் வால்வு நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். காற்றுக் குறைந்து டயர் ரிம்மில் நழுவினால், டியூபையும் இழுத்துக்கொண்டு வால்வு சாய்ந்துவிடும். அப்படியே ஓட்டினால் வால்வின் அடி கிழிந்து காற்று ஒரேயடியாக இறங்கிவிடும்.

மற்றொன்று, முதல் 150 கிலோமீட்டர். புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். அது தேய்ந்து சொரசொரப்பாகும்வரை வளைவுகளில் அதிகம் சாய்க்காமல், பிரேக்கைத் திடீரென்று பிடிக்காமல் ஓட்டுங்கள். இதை விரைவுபடுத்தக் காற்றைக் குறைக்கவேண்டியதில்லை.

நைட்ரஜன் அடிக்கலாமா என்றும் கேட்கிறீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அன்றாட ஓட்டத்துக்கு அதற்காகப் பணம் செலவிடத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அந்தப் பணத்தில் அழுத்தமானி வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். உட்லண்ட்ஸ் பாலம் கடந்து ஜொகூருக்கு நெடும்பயணம் போகும் நாளில் கட்டாயம் பாருங்கள்.

இனி டயர் மாற்றும் ஒவ்வொரு வண்டியின் சாவியிலும், முன்டயர், பின்டயர், பின்னால் ஆள் இருக்கும்போது என்று மூன்று எண்களை எழுதிய சிறிய அட்டையைக் கட்டித் தருவோம். இதற்குமுன் எங்களிடம் டயர் மாற்றியவர்களும் வந்து பெற்றுக்கொள்ளலாம். டயர் மாற்றிய மறுநாள் காலை ஒருமுறை வாருங்கள்; சற்று நேரம் நிறுத்தி, டயர் ஆறிய பின் அளந்து சரிசெய்து தருகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
காக்கி புக்கிட், சிங்கப்பூர்